தட்டில் ஏறாத பாட்டு: நயினாப் பிள்ளையும் நம் இசைப் புத்தகங்களும்

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நூலில் ஓர் அத்தியாயம், ஒரு மலரில் ஒரு கட்டுரை, சீடர் வழி வந்த ஒருவரின் பேட்டியில் நாலு வரி, இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் பெரிதாகிக்கொண்டு வந்தது. மனுஷன் எப்படிப் பாடினார்? அவர் கோபம், கொடை, பிடிவாதம் எல்லாம் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் ‘கணீரென்று’, ‘லயத்தில் சிங்கம்’ என்று இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள்.

நான் இருப்பது நெம்மேலி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஈ.சி.ஆர். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலையால்தான் தெரியும். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபிறகு காஞ்சிபுரம் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கணக்கில் நயினாப் பிள்ளை எங்கள் ஜில்லா வித்வான். கொஞ்சம் ஊர்ப் பாசமும் இதில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிறந்தது 1889, மறைந்தது 1934. இயற்பெயர் சுப்பிரமணியம். தாய்வழியில் தனகோடி அம்மாளின் குடும்பம், அதாவது காஞ்சிபுரத்தில் பாட்டுக்கென்றே பேர்போன வீடு. தியாகராஜரின் அபூர்வ கீர்த்தனைகளைத் தேடித்தேடிப் பாடியவர். திருப்புகழைச் சந்தத் தாளங்களோடு கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து அவர் செய்த கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். ஐகோர்ட்டில் நீதிபதிகள் பலர் சேர்ந்து உட்காருவதை வைத்து வந்த கிண்டல் அது. பின்னால் அதுவே மரியாதைப் பெயராகிவிட்டது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிராவோடு சரிக்குச் சரி கணக்குப் பேசக்கூடிய பாடகர் என்றால் சும்மா இல்லை.

இவர் பாடிய இசைத்தட்டு ஒன்றுகூட நமக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் புத்தகங்களில் ஒரு கதை தயாராக இருக்கிறது. அவர் கிராமபோனுக்குப் பாட மறுத்துவிட்டார், தன் பாட்டு கண்ட கண்ட இடத்தில் ஒலிப்பதை விரும்பவில்லை, அவ்வளவு தன்மானம். எனக்கு இந்தக் கதையின் மீது சந்தேகம் இல்லை. அவர் மறுத்திருப்பார். ஆனால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எழுதுகிறவர் நகர்ந்துவிடுகிறாரே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒரு ஒலிப்பதிவு இல்லாமல் போனதை ஒருவருடைய குணத்தின் கணக்கில் எழுதிவிட்டால் காலத்தின் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

பார்க்கலாம். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். 1925 வரை மைக் கிடையாது. பாடுகிறவர் ஒரு புனலுக்கு முன்னால் தொண்டையைத் திறந்து பாட வேண்டும், அந்த அதிர்வே நேராக மெழுகில் கீறும். குரல் ஓரளவு விழும். தாள வாத்தியம் எங்கோ பக்கத்து வீட்டில் தட்டுவதுபோல் கேட்கும். மின்சார முறை வந்து அது நம் ஊரில் நிலைபெறும்போது நயினாப் பிள்ளைக்கு நாற்பது நெருங்கிவிட்டது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938இல், அவர் போய் நாலு வருஷம் கழித்து. கச்சேரியை முழுசாக டேப்பில் பிடிப்பதெல்லாம் அதற்கும் வெகு பிற்பாடு. ஆக, அவர் சம்மதித்திருந்தால்கூட நமக்கு என்ன கிடைத்திருக்கும்? அரைகுறையாக ஒரு கீர்த்தனை, வேகமாக ஒரு துக்கடா. ஒரு மணி நேரம் நீளும் பல்லவியும் ஐந்தாறு பேர் மாற்றி மாற்றி வாசிக்கும் தனியும் அந்தப் புனலுக்குள் புகுந்திருக்காது. அவருடைய இசையின் உயிர் எங்கே இருந்ததோ அது அன்றைய எந்திரத்துக்கு எட்டாத இடம்.

இப்போது அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்பு 1890. ஒரே ஒரு வயசு இளையவர். 1967 வரை இருந்தார். தட்டு, வானொலி, டேப் மூன்றும் அவரைப் பிடித்து வைத்தன. சின்னச் சின்ன உருப்படிகளாக, மத்திம காலத்தில் விறுவிறுவென்று போகிற அவருடைய கச்சேரி அமைப்பு இந்த எந்திரங்களோடு நன்றாக ஒத்துப்போனது. அரியக்குடியைக் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கச்சேரி கட்டும் புத்தி வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் இன்று ‘கச்சேரி பத்ததி’ என்றால் அவர் ஒருவர் வழிதான் என்று நாம் நினைப்பதில் அவர் வித்வத்துக்கு எவ்வளவு பங்கோ, அவர் ஆயுளுக்கும் எந்திரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் இசை வரலாற்று நூல்கள் இந்தப் பங்கைப் பிரித்துக் காட்டுவதே இல்லை. தட்டு இருப்பவர் பெரியவர், இல்லாதவர் ஐதீகம் என்று ஆகிவிடுகிறது.

ஒலிப்பதிவு இல்லாத இடத்தில் புத்தகம் என்ன செய்ய முடியும்? நிறையவே செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே ஆதாரம் இருக்கிறது. 1902இல் கல்கத்தாவில் கவுஹர் ஜான் முதலியோர் பாடிய தட்டுகளோடு இந்திய மண்ணில் தட்டு ஒலிப்பதிவு தொடங்குகிறது. இரண்டே வருஷத்தில், 1904இல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சாகி வருகிறது. இந்த இரண்டு வருஷ இடைவெளியை நினைத்தாலே எனக்கு ஆச்சரியம். தட்டு வந்துவிட்ட காலத்தில், தட்டு செய்ய வேண்டிய வேலையைக் காகிதத்தில் செய்யப் பார்த்த புத்தகம் அது. வெறும் ஸரிகம எழுதி விடவில்லை. கம்பிதத்துக்கு ஒரு குறி, ஸ்புரிதத்துக்கு ஒன்று, நொக்குக்கு ஒன்று, ஜாருவுக்கு ஏற்றம் ஒன்று இறக்கம் ஒன்று, ரவை, ஒதுக்கல், ஒரிகை என்று ஒவ்வொரு அசைவுக்கும் அடையாளம். ஒரு ஸ்வரம் எங்கே நடுங்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்பது வரை மைக்கறையில் பதிந்திருக்கிறது. தெலுங்கு எழுத்தில் வந்த அந்த நூலை 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி தமிழில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் அதைப் புரட்ட முடிகிறது. அந்த நூலைப் பார்த்துப் பாட எனக்கு வராது, வீணை வாசிக்கும் நண்பர் ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் கேட்டேன். ஒரு வரியைத் தாண்ட முக்கால் மணி நேரம். “என்னங்க இது, விரலுக்கு விரல் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்குற மாதிரி இருக்கு” என்றார். அதைவிட நல்ல மதிப்புரை அந்த நூலுக்கு எழுத முடியாது.

உ.வே.சா. வேறு விதம். கனம் கிருஷ்ணையரைப் பற்றியும் மகாவைத்தியநாதையரைப் பற்றியும் அவர் எழுதிய சிறு நூல்களில் ஸ்வரம் கிடையாது, குறி கிடையாது. கனம் கிருஷ்ணையர் தன் அப்பாவுக்குக் குரு. மகாவைத்தியநாதையரை நேரில் கேட்டவர் உ.வே.சா. அவர் 1893இல் இறந்துபோனவர், தட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் வாசிக்கும்போது நமக்கு ஏதோ காதில் விழுகிறது. காரணம், யார் இருந்தார்கள், எந்த நேரம், பாட்டு எங்கே நின்றது, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர் விடாமல் சொல்கிறார். ஒரு வித்வானின் கீர்த்தியைச் சொல்வதைவிட அந்தக் கீர்த்தி ஒரு குறிப்பிட்ட ராத்திரியில் எப்படி நடந்தது என்று சொல்லத் தெரிந்த பேனா அது.

பின்னால் வந்தவர்கள் உ.வே.சா.விடமிருந்து கதையை எடுத்துக்கொண்டார்கள், ராத்திரியை விட்டுவிட்டார்கள். தமிழில் வித்வான்கள் வாழ்க்கை நூல்களில் பெரும்பாலானவை துணுக்குத் தோரணங்கள். மைசூர் மகாராஜா சால்வை போர்த்தினார். பக்கவாத்தியக்காரர் ஒருவர் அடம்பிடிக்க இவர் ஒரு பல்லவி எடுத்து அடக்கினார். அது என்ன பல்லவி, எந்தத் தாளம், எடுப்பு எங்கே? சொல்ல மாட்டார்கள். திருக்கழுக்குன்றம் பக்கம் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சார், ஃபுல் பெஞ்ச்னா தனி எப்படி சார் போவும்? யாரு மொதல்ல எடுப்பாங்க? கீர்த்தனை பாடறப்ப அஞ்சு பேரும் சேந்தா வாசிப்பாங்க?” பதினாறு வயசுப் பையன் கேட்ட மூன்று கேள்வி. நான் படித்த கட்டுரைகளில் வாத்தியங்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, வித்வான்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. எழுதியவர்களில் சிலர் அந்தக் கச்சேரிகளை நேரில் கேட்டவர்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது. வீணை தனம்மாளின் பேரன் தி. சங்கரன் எழுதியவற்றில் வீட்டு வம்பும் உண்டு, கூர்மையான காதும் உண்டு. பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’ நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். யாரிடம் யார் கற்றார், யாருக்கு யார் தவில் வாசித்தார், எந்த ஊர்க் கோயில் என்று அத்தனையும் ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து சேர்த்தது. எந்தத் தட்டைக் கேட்பது என்று சொல்ல வந்த நூல் இல்லை அது. ஆனால் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு மயங்கிக் கிடப்பவர் இதைப் படித்தால் அந்தத் தோடிக்குப் பின்னால் எத்தனை ஊர், எத்தனை குடும்பம் நிற்கிறது என்று தெரியும். லலிதாராமின் ‘துருவ நட்சத்திரம்’ பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த தமிழ் இசைப் புத்தகங்களில் ஒன்று. அதைப் படித்துவிட்டு மதுரை மணி ஐயர் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன், பழனியின் மிருதங்கம். பல தடவை கேட்ட பதிவுதான். இந்தத் தடவை காது பாட்டை விட்டுவிட்டுத் தொப்பியின் பின்னால் போய்விட்டது. எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். புத்தகம் ஒலிப்பதிவுக்கு இந்த வேலையைச் செய்தால் போதும், மிச்சமெல்லாம் ஊறுகாய்.

இனி அந்தப் பக்கம் திரும்புவோம். நயினாப் பிள்ளைக்குப் புத்தகம் இருக்கிறது, தட்டு இல்லை. இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டம் உண்டு: தட்டு இருக்கிறது, புத்தகம் இல்லை. 1900களில் தென்னாட்டுத் தட்டுகளில் பாடியவர்கள் பட்டியலைப் பாருங்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்களின் பெயர்களே முந்தி நிற்கும். சபை மேடையில் உட்கார்ந்த ஆண் வித்வான்கள் பலர் புனல் முன்னால் வரத் தயங்கிய காலத்தில் இவர்கள் தைரியமாக வந்து பாடினார்கள். கோயம்புத்தூர் தாயியின் பாட்டு மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரை ஆட்டிவைத்து, 1912 வாக்கில் அவர் எழுதிய பாடல்களில் அந்தக் குரலின் வளைவு நெளிவு ஏறியிருக்கிறது. பாரிஸ்காரர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். தமிழில் தாயிக்கு ஒரு சிறு நூல் எங்கே? நாகரத்தினம்மாளுக்கு வெ. ஸ்ரீராம் ஆங்கிலத்தில் நல்ல வாழ்க்கை வரலாறு எழுதினார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியதால் அவர் பெயர் தப்பித்தது. ஆடியவர்களுக்கு பி.எம். சுந்தரத்தின் ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ உண்டு. பாடித் தட்டில் ஏறிய பெண்களுக்கு? நயினாப் பிள்ளையின் அம்மா வழி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தனகோடி அம்மாள் அவரைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டாவது பத்தியில் வந்து மூன்றாவது பத்தியில் மறைகிறார். அவரிடமிருந்து அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று கேட்பாரில்லை. ஆண்களின் பாட்டைப் புத்தகமும் பெண்களின் பாட்டைத் தட்டும் காப்பாற்றியது என்றால், இரண்டையும் சேர்த்துக் கேட்டு எழுதினால்தானே நமக்கு அந்தக் காலம் முழுசாகக் கிடைக்கும்?

தட்டுகளை மட்டும் வைத்து எழுதலாம் என்பதற்கு மைக்கேல் கின்னியரின் வேலை சாட்சி. கிராமபோன் கம்பெனி 1899 முதல் 1908 வரை எடுத்த இந்தியப் பதிவுகளை எண்ணோடு அடுக்கி 1994இல் ஒரு நூல் போட்டார். அலங்காரம் ஒன்றும் கிடையாது. அட்டவணையைப் படிப்பதில் எனக்கு இருக்கும் ருசி பல வாழ்க்கை வரலாறுகளில் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஒலிப்பதிவு வெளியிடுகிறவர்கள் எண்ணையும் தேதியையும் மதிப்பதே இல்லை. கேசட் காலத்தில் அட்டையில் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் மட்டும். சி.டி.யில் படம் பெரிதானது, விவரம் அதே. இணையத்தில் ‘அபூர்வம்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். எந்த ஊர்க் கச்சேரி, எந்த வருஷம், மிருதங்கம் யார்? வயலின் பெயரைத் தப்பாகப் போட்டு அது பத்து இடத்தில் நகல் எடுக்கப்பட்டு உண்மையாகிவிட்ட கதையெல்லாம் ரசிகர்களுக்குத் தெரியும்.

அதைவிடக் கெடுதல் வேகம். டேப்பிலிருந்து டேப்புக்கு மாற்றும்போது எந்திரம் நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரையில் பாடுவார். அரை மணி நேரப் பதிவு இருபத்தெட்டு நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். பழைய தட்டுகளில் ‘78’ என்று அச்சிட்டிருந்தாலும் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. ஆக, நாம் கேட்கிற குரல் அந்த ஆளின் குரல்தானா என்பதே நிச்சயமில்லை. இதைக் கேட்டுவிட்டு ஒருவர் ‘அந்தக் காலத்தில் எவ்வளவு உச்ச ஸ்தாயி, எவ்வளவு துரிதம்’ என்று புத்தகம் எழுதுவார். சுருதியைச் சரிபார்த்து, ‘இந்த வேகத்துக்குத் திருத்தினோம், இந்தக் காரணத்தால்’ என்று ஒரு வரி போடுகிற வெளியீட்டாளரை எங்கே கண்டாலும் காசு கொடுத்து வாங்குங்கள். மியூசிக் அகாடமி காப்பகத்தில் போய் உட்கார்ந்து கேட்க முடிகிறவர்கள் கேளுங்கள். நெம்மேலியிலிருந்து பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் போய்விடும், பரவாயில்லை.

நயினாப் பிள்ளையிடம் திரும்பினால், அவரைக் கேட்க ஒரே வழி அவரிடம் கற்றவர்களையும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்களையும் கேட்பதுதான். நான் மூன்று பேரை வைத்துக்கொண்டேன். முதலில் நேர்ச்சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. ஆனந்தபைரவியில் அவர் கொடுத்த தட்டு அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஓடியது. ஆனால் அதைவிட அவருடைய பிற்காலக் கச்சேரிப் பதிவுகள்தான் நமக்கு வேண்டியவை. அடித்தொண்டையிலிருந்து வரும் குரல், ஸ்வரம் பாடும்போது கணக்கை மறைத்து வைக்காத துணிச்சல். இரண்டாவது டி. பிருந்தா. தனம்மாளின் பேத்தி, சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளையிடம் கற்றவர். மூன்றாவது டி.கே. பட்டம்மாள், அதே காஞ்சிபுரத்தில் பிறந்து, அந்தக் கச்சேரிகளைக் கேட்டே பல்லவி மேல் பித்துக்கொண்டவர். பெண்கள் மேடையில் பல்லவி பாடுவதா என்று கேட்ட காலத்தில் பாடிக்காட்டியவர்.

மூன்று பேரையும் ஒரே வாரத்தில் கேட்டால் தலை சுற்றும். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். பிருந்தாவின் பதங்களை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன், அந்தச் சவுக்கம் பாட்டி வீட்டுச் சொத்து. தியாகராஜ கீர்த்தனைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்போது ஒன்று காதில் பட்டது. மூன்று பேரும் காலப்பிரமாணத்தை விடுவதில்லை. எடுத்த வேகம் எடுத்த வேகம்தான், கடைசிச் சரணம் வரை ஒரு மயிரிழை நகராது. உணர்ச்சி ஏறினாலும் ஓடுவதில்லை, ஸ்வரத்தில் சூடு பிடித்தாலும் தள்ளுவதில்லை. பாடுகிறவர் இப்படித் தூண்போல் நின்றால்தான் ஐந்தாறு தாள வாத்தியம் அவரைச் சுற்றி விளையாட முடியும். அந்தத் திருக்கழுக்குன்றத்துப் பையனுக்கு மூன்று பதிவுகளையும் அனுப்பியிருக்கிறேன். பாட்டை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் கையில் போட்டுக்கொண்டு கேட்கச் சொன்னேன். பட்டம்மாளின் பல்லவியில் எடுப்பு வரும் இடத்தை அவன் முதல் தடவையே சரியாகப் பிடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான். அடுத்து சித்தூராரின் தனிக்குப் போயிருக்கிறான்.